நீலத் திரைக்கு ஒரு பிடி உளுந்து

அந்தப் புதன்கிழமை சாயங்காலம், என் சொந்த வீட்டில், என் சொந்த மனைவியின் எவர்சில்வர் டிரம்மிலிருந்து ஒரு பிடி உளுந்தைத் திருடினேன்.

திருட்டில் எனக்கு முன் அனுபவம் கிடையாது. மூடியைத் தூக்கியதும் அது கோயில் மணி மாதிரி ஒரு நாதம் எழுப்பியது. வயிற்றோடு சேர்த்து அணைத்து அதன் வாயை அடைத்தேன். உளுந்தைக் கைக்குட்டையில் முடிந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "காலாற நடந்துட்டு வரேன்" என்று வெளியே குரல் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

நேராக அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு சின்னக் கோயில். ஒன்பது கிரகங்களும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் நிற்கிற மேடை. ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து ராகுவின் காலடியில் முடிச்சை அவிழ்த்தேன்.

ராகுவுக்கு உகந்த தானியம் உளுந்து என்பார்கள். கறுப்பு உளுந்து. நான் கொண்டுபோனதோ இட்லிக்குப் போடுகிற, தோல் நீக்கிய வெள்ளை உளுந்து. அவசரத்துக்கு ஏற்றுக்கொள்வார் என்று நம்பினேன்.

வேண்டுதல் இதுதான்: "சாமி, வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு மட்டும் என் கம்ப்யூட்டர் நீலமாகக் கூடாது."

சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கொஞ்சம் அழுகையும்.

மொபெட் எடுத்த நேரம்

இந்தத் தொடரை விடாமல் படிக்கிறவர்களுக்கு நான் எப்பேர்ப்பட்ட பகுத்தறிவுச் சிங்கம் என்று தெரியும். என் முதல் மொபெட்டை வேண்டுமென்றே ராகு காலத்தில் எடுத்தவன் நான். கடைக்காரர், "சார், ஒரு அரை மணி பொறுங்க, டீ சொல்றேன்" என்று கெஞ்சினார். டீயைக் குடித்தேன். அரை மணி பொறுக்கவில்லை.

பதினாறு வருஷம் அந்த வண்டி ஒரு பஞ்சர் தவிர வேறு குறை வைக்கவில்லை. பிறகு காணாமல் போயிற்று. "பாத்தியா, ராகு காலத்துல எடுத்தது கடைசி வரைக்கும் ஓடுச்சு" என்றேன். என் மனைவி சாந்தி நிதானமாகச் சொன்னாள்: "திருடினவன் நல்ல நேரம் பாத்து எடுத்திருப்பான்."

சாந்தி மாவு வியாபாரம் செய்கிறாள். ரமணாசிரமம் பக்கம் செங்கம் ரோட்டில் இருக்கிற நாலைந்து சாப்பாட்டுக் கடைகளுக்கு இட்லி மாவும் தோசை மாவும் எங்கள் வீட்டிலிருந்துதான் போகிறது. வெள்ளைக்காரர்கள் பக்தியோடு பிய்த்துத் தின்கிற தோசைக்குப் பூர்விகம் எங்கள் அடுப்படி.

அவளுக்கு ஒரு விசித்திரக் கொள்கை உண்டு. மற்றவர்கள் ராகு காலத்தைத் தவிர்ப்பார்கள். இவள் அது முடிவதற்காகக் காத்திருப்பாள். "ராகு எழுந்து போன கையோட நாம உக்காந்துடணும். அப்பதான் தடை வராது" என்பாள். பஸ்ஸில் ஒருவர் இறங்கியதும் அந்த சீட்டில் துண்டு போடுகிற கணக்கு.

ஆகவே எங்கள் வீட்டுக் கிரைண்டர் நாளுக்கொரு நேரத்தில் ஓடும். எத்தனையோ வருஷமாக ஓடுவதால் அந்தச் சத்தம் எங்கள் யார் காதிலும் விழுவதே இல்லை. அது நின்றால்தான் "இன்னா ஆச்சு?" என்று தலையைத் தூக்குவோம்.

வைஃபை வைத்தியர்

வினை ஆரம்பித்தது மகள் கயலின் லேப்டாப்பில். அதன் கீபோர்டில் சாந்தி ஒரு நாள் மாவுத் தண்ணீரைக் கவிழ்த்தாள். இரண்டு நாள் எழுத்துகள் ஒட்டிக்கொண்டு வந்தன. மூன்றாம் நாள் எழுத்தே வரவில்லை.

கயலுக்கு அப்போது ஒரு வேலைக்கான கடைசித் தேர்வு பாக்கி. வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. முந்தின மூன்று சுற்றுகளைத் தாண்டிவிட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு, கேமரா முன் தனியாக உட்கார்ந்து எழுத வேண்டும். பாதியில் அறுந்தால் அறுந்ததுதான். இன்னொரு வாய்ப்புக் கிடையாது.

கீழ்பென்னாத்தூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற சாந்தியின் தம்பி மூர்த்தி போனில் சொன்னான்: "மாமா, ஒரு சிஸ்டம் கட்டித் தரேன். நீங்க கைய வெக்காதீங்க."

கடைசி வாக்கியம்தான் என்னைக் கெடுத்தது.

நான் வேலை பார்ப்பது ஒரு விடுதியின் வரவேற்பறையில். அங்கே வைஃபை வராவிட்டால் பெட்டியை அணைத்துப் போடுவேன், வந்துவிடும். தியானத்துக்கு வந்த விருந்தினர்கள், இறைவனைக் கண்டதைவிடப் பரவசமாக என்னைக் கும்பிடுவார்கள். வருஷக்கணக்கில் இப்படிக் கும்பிடு வாங்கியவனுக்கு ஒரு கம்ப்யூட்டரா பெரிது? தவிர, அந்த வாரம் விடுதியில் வெள்ளையடிப்பு; எனக்கு லீவு.

"பாகத்த மட்டும் அனுப்புடா மச்சான். மாட்டறது நான்" என்றேன்.

அந்த நொடி, ஹாலில் டியூப்லைட்டுக்குப் பின்னால் குடியிருக்கிற பல்லி, டிக், டிக் என்றது. சாந்தி விரலால் மேசையைத் தட்டி, "பல்லி சொல்லிடுச்சு. நடக்கும்" என்றாள். பல்லி சொன்னால் எங்கள் வீட்டில் மேல்முறையீடு கிடையாது.

ராமனை உட்கார வைத்த படலம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் வேலையை ஆரம்பித்தேன். இடம், ஹாலில் இருக்கிற கடப்பா கல் மேடை. வீடு கட்டிய மேஸ்திரி, சமையலறையிலிருந்து சாப்பாடு நீட்ட வசதியாகச் சுவரில் ஒரு ஜன்னல் விட்டு, ஒரே நீளக் கல்லை இரண்டு பக்கத்துக்குமாகப் போட்டிருந்தார். அந்தப் பக்கம் சமையல் மேடை; இந்தப் பக்கம் சாப்பாட்டு மேடை. ஜன்னலைப் பிற்பாடு பலகை வைத்து அடைத்துவிட்டோம். கல்லை யாரும் அறுக்கவில்லை.

எல்லாம் சுலபமாகவே போயிற்று, ராம் வரும்வரை. ராம் என்றால் ஞாபகசக்திக் குச்சி. சீப்பு மாதிரி நீளமாக இருக்கும். மதர்போர்டுப் பலகையில் அதற்கென்று இருக்கிற பள்ளத்தில் நிறுத்தி, இரண்டு முனையிலும் அழுத்த வேண்டும். முனைக்கு ஒரு டிக் சத்தம் வரும்.

அழுத்தினேன். பலகை அப்பளம் மாதிரி வளைந்தது. விரலை எடுத்துவிட்டேன்.

"இன்னும் அழுத்துப்பா" என்றாள் கயல்.

"ஒடஞ்சா?"

"அதுக்குன்னு தடவிக் குடுத்தா உக்காருமா?"

கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். டிக். மறுமுனைக்கு விரலை நகர்த்தி, பல்லைக் கடித்தேன். டிக்.

"ரெண்டும் உக்காந்துடுச்சுங்க!" என்று சாந்தி கை தட்டினாள். சிவன் ஊரில் ராமனுக்குப் பட்டாபிஷேகம் நடந்தது. கேசரி கிண்டினார்கள்.

கிழிந்த நாட்கள்

விண்டோஸ் ஏறியது. படம் வந்தது. பாட்டு வந்தது. மூர்த்திக்குப் போட்டோ அனுப்பினேன். கைகட்டி, பக்கத்தில் நின்று.

சாயங்காலம் ஆறு மணி தாண்டியிருக்கும். திரை முழுக்க நீலமானது. இரண்டு புள்ளியும் ஒரு வளைவுமாக ஒரு சோக முகம். கீழே சதவீதக் கணக்கு ஓடி முடிய, தானே அணைந்து தானே எழுந்தது. ஐந்து நிமிடத்தில் மறுபடியும் நீலம்.

"நீலகண்டன் வந்துட்டாரு" என்றேன், தைரியமாக இருப்பதாகக் காட்டிக்கொள்ள.

திரையில் ஏதோ பிழைக் குறியீடு எழுதியிருந்தது. குறித்துக்கொள்ளப் பேப்பர் தேடினேன். பதற்றத்தில் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரிலிருந்து அன்றைய தாளையே கிழித்துப் பின்பக்கம் எழுதினேன்.

"இன்னிக்கு நாளே முடியல. அதுக்குள்ள கிழிச்சிட்டீங்களே!" என்றாள் சாந்தி.

"என் நாள் முடிஞ்சிடுச்சுடி."

விண்டோஸை அழித்து மறுபடி ஏற்றினேன். அதற்குப் பிறகு அது பூனைக்குட்டி மாதிரி சாதுவாக இருந்தது. வென்றுவிட்டேன் என்று மூர்த்திக்குச் சொன்னேன்.

திங்கள் காலை ஒன்பது மணி வாக்கில் நீலம். வேறு குறியீடு. இன்னொரு தாள் கிழிந்தது. மூர்த்தியைக் கூப்பிட்டேன்.

"ராம் கரெக்டா உக்காந்து கீதா மாமா?"

"டிக் டிக்குனு ரெண்டு சத்தம் கேட்டுதுடா. உங்க அக்காதான் சாட்சி."

"ஆமாண்டா, என் காதால கேட்டேன்" என்று சாந்தி சத்தியம் செய்தாள்.

"அப்ப டிரைவர மாத்திப் பாருங்க."

மாத்தினேன். அரை மணியில் அடங்கியது. வெற்றி.

செவ்வாய் காலை மெமரி சோதனை ஒன்று ஓட்டினேன். முதல் வகுப்பில் பாஸ். சாயங்காலம் நாலரைக்கு மேல் நீலம். சூடு ஜாஸ்தியாக இருக்கும் என்று பெட்டியின் பக்கவாட்டைக் கழற்றி டேபிள் ஃபேனை எதிரே வைத்தேன். அரை மணியில் அடங்கியது. மூன்றாவது வெற்றி.

மூன்று நாளில் மூன்று முறை ஜெயித்த படைத்தலைவன் நான். ஒரு சின்னக் குறை, போர் மட்டும் முடியவில்லை.

புதன் மதியம் கயல் மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்தாள். ஒன்றே முக்காலுக்கு, முப்பத்தோராவது கேள்வியில், நீலம். அவள் கத்தவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, மாமாவுக்குப் போன் போட்டாள்.

"வெள்ளிக்கெழம காலையில நம்ம கட சிஸ்டத்த வேன்ல போட்டு எடுத்துனு வரேம்மா. பயப்படாத" என்று ஸ்பீக்கரில் மூர்த்தியின் குரல். "அப்பாவ மட்டும் அது பக்கத்துல விடாத."

நான் இந்தப் பக்கம் திரும்பி, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கையில் நாலு தாள். நாலையும் தரையில் பரப்பினேன். ஆறு ஐந்து. ஒன்பது ஐந்து. நாலு முப்பத்தைந்து. ஒன்று நாற்பத்தைந்து. ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. ஃபேன் காற்றில் ஒரு தாள் புரண்டது. முன்பக்கம் அச்சடித்திருந்தது: ராகு காலம் 4.30 – 6.00.

மற்ற மூன்றையும் புரட்டினேன். நாலு நாளும், ராகு காலம் முடிந்து சில நிமிடத்தில் நீலம்.

வெள்ளிக்கிழமை ராகு காலம் எப்போது என்று நான் காலண்டரைப் பார்க்கவே வேண்டியதில்லை. பத்தரையிலிருந்து பன்னிரண்டு. கயலின் தேர்வு பன்னிரண்டுக்கு.

பதினாறு வருஷ மொபெட் கணக்கை ராகு இப்போது தீர்க்கிறார். என் தலையில் தீர்க்கட்டும். என் பிள்ளை என்ன செய்தது?

அப்புறம்தான் டிரம், உளுந்து, கைக்குட்டை எல்லாம்.

டம்ளரில் வந்த அலை

வியாழக்கிழமை மதியம் சாந்தி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். குரல் சரியில்லை.

"ஏங்க, நேத்து அளந்து வெச்ச உளுந்துல ஒரு பிடி கம்மியா இருக்கு."

மாவுக்காரியிடம் ஒரு பிடியை மறைக்க முடியுமா? டீ டம்ளரை மேடைமேல் வைத்துவிட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். தாள், ராகு, அடி அண்ணாமலை.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "வெள்ள உளுந்தயா கொண்டும்போய்க் கொட்டினீங்க? ராகு அத இட்லியாவா ஊத்துவாரு?"

"சிரிக்காதடி. புள்ளைக்கு நாளைக்கு..."

"சரி சரி. மணி மூணு. அவரு கிளம்பிட்டாரு, நான் வேலயப் பாக்கறேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டே கிரைண்டர் சுவிட்சைத் தட்டினாள்.

டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றேன். டீயில் வட்ட வட்டமாக அலை. நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஓரத்திலிருந்து நடுவுக்கு. டம்ளர் கடப்பா கல்லின் மேல் மெல்ல மெல்ல நகர்ந்து வந்தது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கயல்: "அப்பா! நீலம்!"

பாய்ந்து கிரைண்டரை நிறுத்தினேன். "இன்னாங்க!" என்றாள் சாந்தி. "இரு" என்றேன். "கயலு, எழுந்துடுச்சா?"

"எழுந்துடுச்சு. நல்லாதான் ஓடுது."

கிரைண்டரைப் போட்டேன். எண்ணினேன். நூறைத் தொடுவதற்குள், "மறுபடியும் நீலம்ப்பா!"

இந்தப் பக்கம் மேடைமேல் கிரைண்டர். அந்தப் பக்கம் கம்ப்யூட்டர். நடுவில் மேஸ்திரி அறுக்காமல் விட்ட ஒரே கல். ராகு பாவம், ஒரு குற்றமும் அறியாதவர். அவர் எழுந்து போனதும் துண்டு போட்டு உட்கார்ந்தது என் பெண்டாட்டி.

"கல்லு ஆடுதுடி! கல்லு ஆட்டுது!" என்று கத்திக்கொண்டே ஹாலுக்கு ஓடினேன். எந்தச் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கும் நான் அப்படி ஓடியதில்லை.

ஆடினால் ஏதோ ஒன்று சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். கயல் போன் வெளிச்சத்தைப் பிடித்தாள். ராம் குச்சியின் ஒரு முனை அழகாகப் பூட்டியிருந்தது. மறுமுனை ஒரு நூல் தூக்கி நின்றது. மாமியார் வீட்டு சோபாவில் புது மாப்பிள்ளை மாதிரி, பாதி உட்கார்ந்தும் பாதி உட்காராமலும்.

"ரெண்டு டிக் கேட்டுதேப்பா?" என்றாள் கயல்.

"கேட்டுது."

பலகை ஒடிந்தால் ஒடியட்டும் என்று அந்த முனையை அழுத்தினேன். டிக்.

அதற்குப் பதில் சொல்வதுபோல டியூப்லைட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு டிக்.

மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தோம். அதே சுருதி. அதே தாளம். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் கேட்ட இரண்டாவது டிக், பலகை சொன்னதல்ல. பல்லி சொன்னது.

"சாட்சி சொன்னது நீ" என்றேன் சாந்தியிடம்.

"நான் இன்னாத்த கண்டேன்? பல்லி பொய் சொல்லாதுன்னு நெனச்சேன்."

"அது பொய் சொல்லலம்மா, அதும் பாட்டுக்கு இருந்துச்சு. நாமதான் அதுக்கு மதர்போர்டு வேல குடுத்துட்டோம்" என்றாள் கயல். நாலு நாளைக்கு அப்புறம் அவள் சிரித்த முதல் சிரிப்பு அது.

கிரைண்டரைப் போடச் சொன்னேன். முழு ஈடு. அரிசியையும் போடு, உளுந்தையும் போடு. கல் ஆடியது, டம்ளர் ஆடியது, நான் ஆடினேன். திரை ஆடவில்லை. கயல் இரண்டு மாதிரித் தேர்வுகளை மூச்சு விடாமல் எழுதி முடித்தாள்.

"மாமா கொண்டாற சிஸ்டமா, இதுவா?" என்று கேட்டேன்.

அவள் பெட்டியை ஒரு தட்டுத் தட்டினாள். "இதுலயே எழுதறேன்பா."

பன்னிரண்டு மணி

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மூர்த்தி வேனோடு வந்து சேர்ந்தான். கடை சிஸ்டம் பெட்ஷீட்டில் சுற்றி, சீட் பெல்ட் போட்டு, நோயாளி மாதிரி படுத்திருந்தது.

அதற்கு முன்பே என் கம்ப்யூட்டரை உள் அறைக்கு மாற்றலாமா என்று சாந்தி கேட்டாள். எனக்கு ரோஷம். "ஹால்லயே இருக்கட்டும். அந்தக் கல்லு மேலயே ஜெயிக்கணும்" என்றேன். "உன் வீரத்த ஏம்பா என் பரிச்சையில காட்டற?" என்றாள் கயல். ஆனாலும் ஹாலிலேயே உட்கார்ந்தாள், கிரைண்டரை மட்டும் போடக் கூடாது என்ற நிபந்தனையோடு. ஹால் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நானும் மூர்த்தியும் சமையலறையில் தரையில் உட்கார்ந்தோம். அவன் தோசை தின்றான். நான் கடிகாரத்தைத் தின்றேன்.

"பல்லியா மாமா?"

"பல்லிதான்டா மச்சான்."

"பதினஞ்சு வருஷமா கட நடத்தறேன். பல்லியால கிராஷ் ஆவுற சிஸ்டத்த இப்பதான் பாக்கறேன்" என்றான். பிறகு தலையை ஆட்டினான். "ஆனா கண்டுபுடிச்சிட்டீங்க. நான் வந்திருந்தா பார்ட்டு பார்ட்டா மாத்தினு இருந்திருப்பேன்."

கீழ்பென்னாத்தூர் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அதைக் கொண்டாட வாயைத் திறந்தேன்.

மணி பன்னிரண்டு. ராகு எழுந்து போனார். சாந்தி ஏதோ நினைவில், எத்தனையோ வருஷப் பழக்கத்தில், கையை நீட்டி சுவிட்சைத் தட்டினாள்.

கிரைண்டர் ஓடியது.

அது ஓடுகிறது என்பதுகூட எனக்கு உடனே உறைக்கவில்லை. மூர்த்தியின் தட்டில் சாம்பார் அலையடித்தபோதுதான் உறைத்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்து தலையோடு தலை மோதிக்கொண்டோம். சாந்தி சுவிட்சை அணைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று பேரும் சுவரைப் பார்த்தோம்.

"அப்பா, நீலம்" என்ற குரலுக்காகக் காத்திருந்தேன். ஒரு நிமிடம். ஐந்து நிமிடம். கீபோர்டு சத்தம் மட்டும் மழை மாதிரி விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் அவ்வளவு இனிமையான கச்சேரியை நான் கேட்டதில்லை.

ஒன்றரை மணிக்குக் கதவு திறந்தது.

"நல்லா பண்ணியிருக்கேன்பா."

"நடுவுல கிரைண்டர் ஓடுச்சே, பயந்துட்டியா?"

"கிரைண்டரா? எப்ப ஓடுச்சு?"

மூர்த்தியின் சிஸ்டம் போர்த்திய பெட்ஷீட்டை விலக்காமலே கீழ்பென்னாத்தூர் திரும்பியது. இதை நான் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது கயல் உள்ளே யாருடனோ இங்கிலீஷில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். அதற்குத்தான் சம்பளமாம்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமைக் கதையில் இன்னும் ஒன்று பாக்கி. "நல்லா பண்ணியிருக்கேன்" என்று அவள் சொன்னதும் டியூப்லைட்டுக்குப் பின்னால் டிக் என்றது. சாந்தி உடனே விரலால் சுவரைத் தட்டி, "பாத்தியா, வேல கெடச்சிடும்" என்றாள்.

நான் எதற்கும் இருக்கட்டும் என்று ஹாலுக்குப் போய், மின்சாரத்தைப் பிடுங்கி, பெட்டியைத் திறந்து, அந்தக் குச்சியின் இரண்டு முனையையும் இன்னொரு தரம் அழுத்திப் பார்த்தேன்.

சத்தம் வரவில்லை. இரண்டும் உட்கார்ந்திருந்தன.